மெல்பர்ன் சென்ற ஹாக்கி அணி



தோட்டத்திலிருந்து சிங்கப்பூருக்கு வருகிறவர்கள் சிராங்கூன் சாலையைப் பார்க்காமல் திரும்புவது அபூர்வம். வீரமாகாளியம்மன் கோவிலில் ஒரு கும்பிடு, துணிக்கடையில் கொஞ்சம் பேரம், வாழையிலையில் ஒரு சாப்பாடு என்று பொழுது போய்விடும். ஆனால் அந்தச் சாலையிலேயே இன்னும் வடக்கே நடந்து, சீனிவாசப் பெருமாள் கோவிலையும் தாண்டிப் போனால், இடப்பக்கமாக ஒரு சாலை பிரிவதைக் காணலாம். அதற்குப் பாலஸ்டியர் சாலை என்று பெயர். அந்தப் பெயருக்குள் ஒரு தோட்டம் இருக்கிறது.

ஜோசப் பாலஸ்டியர் என்பவர் சிங்கப்பூரில் அமெரிக்க நாட்டின் முதல் தூதராக இருந்தவர். 1830-களில் அவர் இந்தப் பகுதியில் சுமார் 1000 ஏக்கர் நிலத்தில் கரும்பு பயிரிட்டார். சந்தையும் வரியும் அவருக்குச் சாதகமாக அமையவில்லை. 1848-இல் தோட்டம் கைமாறியது. அவரும் ஊரை விட்டுப் போனார். கரும்பு போயிற்று, பெயர் நின்றது. பின்னாளில் அந்தச் சமவெளியில் விளையாட்டுத் திடல்கள் தோன்றின. 1923-இல் தொடங்கப்பட்ட சிங்கப்பூர் இந்தியர் சங்கத்தின் கட்டடத்துக்கு 1950-இல் ஜவாஹர்லால் நேரு அடிக்கல் நாட்டியது இங்கேதான். இலங்கையர் விளையாட்டு மன்றமும், சீக்கியர்களின் கால்சா சங்கமும் இதே வட்டாரத்தில் இடம் பெற்றன. இந்தச் சங்கங்கள் எல்லாவற்றிலும் மாலை நேரங்களில் ஆடப்பட்ட விளையாட்டுகளுள் ஒன்று ஹாக்கி, அதாவது வளைகோல் பந்தாட்டம்.

இன்றைய பேச்சு, சிங்கப்பூர் ஹாக்கி அணி ஒலிம்பிக்கில் ஆடிய ஒரே பருவத்தைப் பற்றியது. ஆண்டு 1956. இடம் ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரம். அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அந்த ஒரே தடவைதான் சிங்கப்பூர் என்ற பெயரில் ஒரு ஹாக்கி அணி ஒலிம்பிக் மைதானத்தில் இறங்கியது.

நம்மில் பலருக்குக் கால்பந்து தெரிந்த அளவுக்கு ஹாக்கி தெரியாது. அதில் வியப்பும் இல்லை. கால்பந்துக்கு ஒரு பந்து போதும். அதுவும் இல்லாவிட்டால் பழந்துணியைச் சுருட்டிக் கட்டிக்கொண்டு லயத்துக்கு முன்னால் உதைக்கலாம். ஹாக்கிக்கு ஆளுக்கொரு மட்டை வேண்டும். முசுக்கொட்டை மரத்தில் செய்து, முனையை வளைத்த மட்டை அது. அந்த நாளில் நல்ல மட்டை என்றால் பஞ்சாபிலிருந்து வரும். சியால்கோட் நகரத்தில் இருந்த மட்டைத் தொழிலாளர் பலர் 1947-ஆம் ஆண்டுப் பிரிவினைக்குப் பிறகு ஜலந்தருக்குக் குடிபெயர்ந்ததால், தொழில் இரண்டு நாடுகளிலும் நடந்தது. தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்து, பிறகு பால் மரத்துக்குப் போன பிள்ளைக்கு இந்த மட்டையைத் தொட்டுப் பார்க்கும் வாய்ப்பே குறைவு. ஹாக்கி ஆங்கிலப் பள்ளி, போலீஸ், பட்டாளம், ரயில்வே, அரசாங்க அலுவலகம் இவற்றின் வழியாக வளர்ந்த ஆட்டம். இதை ஒளிக்காமல் சொல்லிவிடுவதே நல்லது. அந்த அணியில் தமிழர் இருந்தார்கள் என்று நாம் பெருமைப்படும்போது, எந்தத் தமிழருக்கு அந்தக் கதவு திறந்திருந்தது என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

ஆட்டத்தின் விதிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். திடல் 100 கஜ நீளம், 60 கஜ அகலம். கால்பந்தைப் போலவே பக்கத்துக்குப் பதினொருவர். மட்டைக்கு ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் உருண்டை. தட்டைப் பக்கத்தால் மட்டுமே பந்தைத் தொடலாம். இடக்கைக்காரர்களுக்கென்று தனி மட்டை கிடையாது. கோல் கம்பத்துக்கு முன்னால் அரைவட்டம் போல ஒரு கோடு போட்டிருப்பார்கள். அதற்கு வெளியே நின்று எத்தனை வேகமாக அடித்தாலும் அது கோல் ஆகாது. 1956-இல் இன்னும் சில கடுமைகள் இருந்தன. ஒரு பாதி 35 நிமிடம், இரண்டு பாதி. ஒருவர் காலில் அடிபட்டு வெளியே போனால் அவருக்குப் பதிலாக வேறு ஆள் இறங்க முடியாது. மீதிப் பத்துப் பேர்தான் சமாளிக்க வேண்டும். ஆட்டம் முழுவதும் புல்தரையில். புல்லில் பந்து துள்ளும், திரும்பும், ஏமாற்றும். மட்டையின் முனையைச் சட்டென்று இப்படியும் அப்படியும் புரட்டிப் பந்தைத் தன்னோடு ஒட்டவைத்துக்கொண்டே ஓடுவதுதான் இந்திய முறை. உலகம் அதைப் பார்த்து மலைத்தது. 1928-லிருந்து நடந்த ஒவ்வொரு ஒலிம்பிக்கிலும் ஹாக்கித் தங்கம் இந்தியாவுக்கே போய்க்கொண்டிருந்தது.

இனி 1956-க்கு வருவோம். அந்த ஆண்டு சிங்கப்பூர் எப்படி இருந்தது? பிரிட்டிஷ் குடியேற்ற நாடுதான். தன்னாட்சி கேட்டு லண்டன் போன முதலமைச்சர் டேவிட் மார்ஷல், பேச்சு முறிந்ததால் ஜூன் மாதம் பதவி விலகினார். லிம் இயூ ஹாக் அந்த இடத்துக்கு வந்தார். அக்டோபர் கடைசியில் சீன உயர்நிலைப் பள்ளி மாணவர் போராட்டம் கலவரமாக வெடித்தது. 13 பேர் மாண்டார்கள், ஊரடங்கு போட்டார்கள். அதற்குச் சரியாக ஒரு மாதம் கூட ஆகாமல், நவம்பர் 22-ஆம் நாள், மெல்பர்னில் ஒலிம்பிக் விழா தொடங்கியது.

ஒலிம்பிக் சிங்கப்பூருக்குப் புதிது. 1948-இல் லண்டனுக்கு ஒரே ஒருவர், உயரம் தாண்டும் லாயிட் வால்பர்க், போய் வந்தார். 1952-இல் ஹெல்சிங்கிக்கு ஐந்து பேர். 1956-இல்தான் முதல் முறையாகப் பெரிய குழு ஒன்று கிளம்பியது. கூடைப்பந்து, நீர்ப்பந்து, பளுதூக்குதல், ஓட்டம், இவற்றோடு ஹாக்கியும் சேர்ந்தது. ஓட்டக்காரர்களில் ஜேனட் ஜேசுதாசன், மேரி கிளாஸ் என்ற இரண்டு இளம்பெண்களும் இருந்தார்கள்.

ஹாக்கி அணியின் பெயர்ப் பட்டியலைப் படித்தாலே அந்த ஊரின் ஒரு முகம் தெரியும். ஆறுமுகம் விஜயரத்தினம், சின்னத்துரை வேலுப்பிள்ளை, எட்வின் துரைசாமி ஆகியோர் நம்மவர்கள். அஜித் சிங் கில் சீக்கியர். பர்சி பென்னிஃபாதர், ரூடி மோஸ்பெர்கன், டக்ளஸ் நோனிஸ் என்ற பெயர்கள், ஐரோப்பிய இரத்தமும் ஆசிய இரத்தமும் கலந்த யூரேசியக் குடும்பங்களை நினைவூட்டும். இவர்கள் எவரும் ஆட்டத்தைத் தொழிலாகக் கொண்டவர்கள் அல்லர். ஆட்டத்துக்காகக் காசு வாங்கியவர் ஒலிம்பிக்கில் காலடி வைக்கக் கூடாது என்பது அந்நாளைய விதி. ஆகவே பகலில் வேலை, மாலையில் திடல். மணி ஐந்தடித்தால் அலுவலகத்தை விட்டு ஓடிவந்து, இருட்டி பந்து கண்ணுக்குத் தெரியாமல் போகும் வரை ஆடுவார்கள். விளக்குக் கம்பம் நட்ட திடல் ஏது அப்போது!

இந்தப் பட்டியலில் ஒருவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன். ஆறுமுகம் விஜயரத்தினம் 1921-இல் பிறந்தவர். விக்டோரியா பள்ளி மாணவர். அந்தப் பள்ளி முன்பு லிட்டில் இந்தியாவைச் சேர்ந்த சையத் ஆல்வி சாலையில் இருந்து, 1933-இல் ஜாலான் புசார் அரங்கத்துக்குப் பக்கத்தில் டிர்விட் சாலைக்கு மாறியது. பிறகு இங்கிலாந்தில் பொறியியல் படித்துவிட்டு வந்து அரசாங்கப் பொதுப்பணியில் சேர்ந்தார். மெல்பர்னுக்குப் போனபோது அவருக்கு வயது 35. ஆட்டக்காரருக்கு அது ஓய்வுபெறும் வயது என்று சொல்லலாம். இன்னொரு செய்தி கேட்டால் நம்புவது கடினம். ஹாக்கி, கால்பந்து, கிரிக்கெட், ரக்பி ஆகிய நான்கு விளையாட்டுகளிலும் அவர் சிங்கப்பூருக்காக ஆடியிருக்கிறார். அப்படி நான்கு ஆட்டங்களில் ஆடிய சிங்கப்பூரர் அவர் ஒருவரே. ரக்பி என்பது முட்டை வடிவப் பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு, மறிக்கிறவனை முட்டித் தள்ளி ஓடும் முரட்டு ஆட்டம். அதையும் ஆடி, மட்டை நுனியில் பந்தைத் தாலாட்டும் ஹாக்கியையும் ஆட ஒரே உடம்பால் முடிந்தது!

மெல்பர்னில் ஹாக்கிக்குப் பன்னிரண்டு நாடுகள் வந்தன. 1952-இல் வெள்ளி வென்ற நெதர்லாந்து வரவில்லை. ஹங்கேரியில் சோவியத் படை புகுந்ததைக் கண்டித்து அந்த நாடு ஒலிம்பிக்கையே புறக்கணித்தது. பன்னிரண்டு நாடுகளையும் நான்கு நான்காக மூன்று குழுவாகப் பிரித்தார்கள். சிங்கப்பூருக்கு வாய்த்த குழுவில் இருந்தவை ஆப்கானிஸ்தான், அமெரிக்கா, அப்புறம் இந்தியா. ஆம், ஐந்து ஒலிம்பிக்கில் தொடர்ந்து தங்கம் வென்ற அதே இந்தியா!

ஆப்கானிஸ்தானைச் சிங்கப்பூர் 5-0 என்று வென்றது. அமெரிக்காவை 6-1. தூதரின் கரும்புக் காடு இருந்த ஊரிலிருந்து போனவர்கள் அமெரிக்காவுக்கு ஆறு கோல் போட்டார்கள் என்று எண்ணி ஒரு கணம் சிரித்துக்கொள்ளலாம். ஆனால் ஹாக்கியில் அமெரிக்கா அப்போது பெரிய நாடன்று. உண்மையான பரீட்சை இந்தியாவோடுதான்.

இந்திய அணி எப்படிப்பட்டது என்பதற்கு அதன் முந்தைய இரண்டு ஆட்டங்களே சாட்சி. ஆப்கானிஸ்தானுக்கு எதிராக 14 கோல். அமெரிக்காவுக்கு எதிராக 16. இரண்டிலும் எதிரணிக்குப் பூஜ்யம். 35 நிமிடம் இரண்டு என்றால் 70 நிமிடம். கணக்குப் பார்த்தால் ஏறக்குறைய ஐந்து நிமிடத்துக்கு ஒரு கோல். இந்தியாவின் தலைவர் பல்பீர் சிங் முதல் ஆட்டத்திலேயே ஐந்து கோல் அடித்துவிட்டு, விரல் முறிந்து ஒதுங்கியிருந்தார். அந்தக் காயத்தை வெளியில் தெரியாமல் மறைத்து வைத்தார்கள். அவருக்காகவே எதிரணிகள் இரண்டு ஆட்களை ஒதுக்கிவைக்கும். அந்தப் பயம் குறையக் கூடாதல்லவா? பல்பீர் இல்லாமலேதான் இந்தியா சிங்கப்பூரைச் சந்தித்தது. ஆனால் பல்பீர் இல்லாத இந்தியாதான் அமெரிக்காவுக்குப் பதினாறு கோல் போட்டது என்பதை மறக்கக் கூடாது.

சிங்கப்பூர் தோற்றது. 6-0.

நேயர்களே, ஆறு கோல் வாங்கித் தோற்ற ஆட்டத்தை ஏன் இத்தனை நேரம் பேசுகிறீர்கள் என்று உங்களில் சிலர் கேட்கலாம். அந்த எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: 14, 16, 6. வேலை முடிந்து திடலுக்கு வந்து பழகியவர்கள், உலகத்தில் எவராலும் தடுக்க முடியாத முன்வரிசையை ஆறோடு நிறுத்தினார்கள். அந்தப் போட்டி முழுவதிலும் இந்தியா அடித்தது மொத்தம் 38 கோல். வாங்கியது ஒன்றுகூட இல்லை. அரையிறுதியில் ஜெர்மனியை 1-0, இறுதியில் பாகிஸ்தானை 1-0 என்று வென்று மறுபடி தங்கத்தோடு திரும்பியது. ஆகவே சிங்கப்பூரால் ஒரு கோலும் போட முடியவில்லை என்பது அவமானமன்று. பாகிஸ்தானாலும் முடியவில்லையே!

குழுவில் இரண்டு வெற்றி, ஒரு தோல்வியோடு சிங்கப்பூர் இரண்டாம் இடம் பெற்றது. அடுத்த கட்டத்தில் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, பெல்ஜியம் போன்றவற்றோடு ஐந்து முதல் எட்டு வரையிலான இடங்களுக்கு மோத வேண்டியிருந்தது. அங்கே பலம் போதவில்லை. முடிவில் பன்னிரண்டில் எட்டாவது. மலாயா அணியும் அதே போட்டியில் ஆடி ஒன்பதாவதாக வந்தது. ஜோகூர் நீரிணையின் இரு கரையிலிருந்தும் போன இரண்டு அணிகள் பட்டியலில் அடுத்தடுத்து நிற்கின்றன.

அந்த இந்திய ஆட்டத்தில் இன்னொரு முடிச்சு இருக்கிறது. அன்று சிங்கப்பூரிலும் மலாயாத் தோட்டங்களிலும் தொலைக்காட்சி கிடையாது. அது இங்கே 1963-இல்தான் வந்தது. செய்தி வானொலியிலும் பத்திரிகையிலும் வரும். தமிழ் முரசும் தமிழ் நேசனும் தோட்டத்துக்கு வந்தால் எழுத்துத் தெரிந்த ஒருவர் உரக்கப் படிக்க, பத்துப் பேர் சுற்றி நின்று கேட்பது வழக்கம். இந்தியாவும் சிங்கப்பூரும் மோதின என்று படித்தபோது, கேட்டவர் மனம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கும்? நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்தவருக்கு இந்தியா தாய்நாடு. ஆனால் அவருடைய பிள்ளை பிறந்தது இங்கே. இது வெறும் மன உணர்ச்சி மட்டுமல்ல, சட்டமும் அப்படித்தான் குழம்பிக் கிடந்தது. 1956-இல் சிங்கப்பூர்க் குடியுரிமை என்று ஒன்றே இல்லை. அங்கே பிறந்தவர் பிரிட்டிஷ் முடியின் குடி; வெளியில் பிறந்தவர் எத்தனை ஆண்டு உழைத்தாலும் வந்தேறிதான். சிங்கப்பூரின் பெயரை மார்பில் தாங்கி அணி மெல்பர்னில் இறங்கியபோது, அந்தப் பெயரில் ஒரு குடிமகன் கூட இல்லை. 1957-இல்தான் குடியுரிமைச் சட்டம் வந்தது. எட்டாண்டு வசித்த வெளிநாட்டில் பிறந்தோரும் பதிந்துகொள்ள வழி பிறந்தது. மூன்று லட்சத்துக்கு மேற்பட்டோர் பதிந்துகொண்டார்கள். நாட்டுக்கு முன்னால் அணி பிறந்துவிட்டது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

சிராங்கூன் சாலைக்குப் பக்கத்திலேயே இதற்கு முந்தைய ஒரு காட்சியும் உண்டு. பழைய குதிரைப் பந்தயத் திடலான ஃபேரர் பார்க்கில், 1942 பிப்ரவரி 17-ஆம் நாள், சரணடைந்த இந்தியச் சிப்பாய்கள் சுமார் 45,000 பேரை நிறுத்தி ஜப்பானியரிடம் ஒப்படைத்தார்கள். யாருடைய சிப்பாய், யாருடைய நாடு என்ற கேள்வி அந்தப் புல்லில் அன்று எழுந்தது. இந்திய தேசிய இராணுவம் அந்தக் கேள்வியிலிருந்துதான் முளைத்தது. போர் முடிந்த பிறகு அதே புல்லில் பந்து உருண்டது. மெல்பர்ன் அணியில் மூத்தவர்கள் அந்தப் போர்க்காலத்தை இளைஞராக இருந்து பார்த்தவர்கள்.

பிறகு என்ன ஆயிற்று? 1964-இல் டோக்கியோவுக்குச் சிங்கப்பூரர்கள் மலேசியா என்ற பெயரில் போனார்கள். 1965-இல் பிரிவு வந்தது. ஹாக்கியில் மலேசியா மேலே ஏறியது. 1975-இல் கோலாலம்பூரில் நடந்த உலகக் கோப்பையில் நான்காம் இடம் வரை வந்தது. அரையிறுதியில் இந்தியாவிடம் 3-2 என்று தோற்றதை இன்னும் வருந்திப் பேசுகிறவர்கள் உண்டு. சிங்கப்பூர் ஏறவில்லை. அதற்குக் காரணங்கள் பல. ஒன்றை மட்டும் சொல்கிறேன். 1976-இல் மான்ட்ரியாலில் ஒலிம்பிக் ஹாக்கியைப் புல்லிலிருந்து செயற்கைத் தரைக்கு மாற்றினார்கள். வழவழப்பான அந்தத் தரையில் பந்து நேராக, மிக வேகமாக ஓடும். மட்டை நுனி வித்தையைவிட ஓட்டமும் உடல் வலுவும் முக்கியமாகிவிட்டன. அந்த ஆண்டு இந்தியாவே ஏழாவது இடத்துக்குச் சரிந்தது. செயற்கைத் தரை போடப் பெரும் பணம் வேண்டும். சங்கத்துத் திடலில் மாலையில் புல்லின் மேல் பழகி ஒலிம்பிக் போகும் காலம் அதோடு முடிந்தது.

மெல்பர்ன் சென்றவர்கள் ஊர் திரும்பி அவரவர் வேலையைப் பார்த்தார்கள். ரூடி மோஸ்பெர்கன் பின்னாளில் ராஃபிள்ஸ் தொடக்கக் கல்லூரியின் முதல்வரானார். பர்சி பென்னிஃபாதர், அதே ஒலிம்பிக்கில் நூறு மீட்டர் ஓடிய மேரி கிளாஸைத் திருமணம் செய்துகொண்டார். விஜயரத்தினம் சிங்கப்பூர்த் துறைமுகத்தில் உயர்ந்த பொறியாளராக இருந்தார். நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் முதல் இணைவேந்தராகவும் ஆனார். 2016 பிப்ரவரியில், தொண்ணூற்று நான்காம் வயதில், அவர் காலமானார்.